கதவுக்கு உள்ளிருந்து ஒரு சொல்

கதவை உடைத்துத் திறந்தபோது அகல்யா டீச்சர் தூங்குகிறவரைப் போலத்தான் இருந்தார். சுவரோரம் உட்கார்ந்தவர் அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார். முகம் வெளுத்திருக்கவில்லை. இரண்டு கன்னமும் செக்கச்செவேலென்று இருந்தன.

"இங்க நாம தொண்டத்தண்ணி வத்தக் கத்தறோம். உள்ள பாரு, சொகமா தூங்குது" என்றாள் வராந்தாவில் நின்றிருந்த பெண்களில் ஒருத்தி.

தலைமையாசிரியர் நல்லசிவம் குனிந்து டீச்சரின் கையைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அவள் கேட்டை நோக்கி ஓடினாள்.

சப்-இன்ஸ்பெக்டர் மஹாலட்சுமி வந்து சேர்ந்தபோது பிற்பகலாகியிருந்தது. ஜனவரி மூட்டம் இன்னும் விலகவில்லை. டெல்லியில் முனிர்காவுக்கு அந்தப் பக்கம் இருந்த கபிலர் தமிழ்ப் பள்ளியின் பெயர்ப்பலகைகூடப் பக்கத்தில் போனால்தான் தெரிந்தது. அவளை அனுப்பியதற்குக் காரணம் ஒன்றுதான். அந்த ஸ்டேஷனில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்தி. கிட்வாய் நகர் அரசு குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த சேலத்துக்காரப் பெண். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். காதால் கேட்டால் மட்டும் ஒரு சொல் தப்பாது.

அறை சின்னது. பழைய வரைபடங்களும் உலக உருண்டைகளும் போட்டுவைக்கும் இடம். ஒரே கதவு, உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஒரே ஜன்னல், அதை முழுதும் அடைத்துக்கொண்டு வெளிப்புறமாக ஒரு ஏர்கூலர். நடுவில் அங்கீட்டி, டெல்லியில் குளிருக்குக் கரி போட்டு மூட்டும் இரும்பு வாளி அடுப்பு. கரி வெந்து சாம்பலாகியிருந்தது. கதவின் கீழ் இடுக்கில் ஒரு கம்பளிச் சால்வை, உள்ளிருந்து இறுக்கித் திணிக்கப்பட்டிருந்தது.

"மூடின ரூம், கரிப்புகை, இடுக்கில சால்வை. தற்கொலை" என்றார் உடன் வந்த இன்ஸ்பெக்டர் இந்தியில். "வெளியே நின்னு மிரட்டினவனைத் தூண்டினதுக்காக உள்ளே தள்ளு. சாயங்காலத்துக்குள்ள ஃபைலை மூடு."

மஹாலட்சுமி உடலின் பக்கத்தில் மண்டியிட்டாள். வெளிர்மஞ்சள் சுடிதார். டீச்சரின் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தன. பிறகு அங்கீட்டியின் கைப்பிடியைத் தன் விரலால் தொட்டாள். விரல் கறுத்தது.

"இவங்க போன் எங்கே?"

"ஸ்டாஃப் ரூம் மேஜை மேல இருக்குதுங்க மேடம்" என்றார் நல்லசிவம்.

பயந்து ஓடி ஒளிகிறவள் போனை விட்டுவிட்டா ஓடுவாள்? மஹாலட்சுமி அதை வாய்விட்டுக் கேட்கவில்லை.

நடந்ததை நல்லசிவம் சொன்னார். கோயம்புத்தூர்க்காரர், பேச்சில் மரியாதை குறையாது. ஆனால் கண்கள் மட்டும் அவள் முகத்தில் நிற்காமல் அலைந்தன.

"இன்னைக்குப் பெற்றோர் கூட்டமுங்க. காலையில எல்லார் போனுக்கும் ஒரு வாய்ஸ் வந்துச்சு. யாரோ புது நம்பர்ல இருந்து பெற்றோர் குரூப்புல போட்டுட்டாங்க. அகல்யா டீச்சர் குரல்தானுங்க. நேத்து ஒரு அம்மாவை இப்படிப் பேசினாங்கன்னு கீழே எழுதியிருந்துச்சு. கேட் திறக்கறதுக்கு முந்தியே ஜனம் கூடிப்போச்சு. வாட்ச்மேன் மாணிக்கவாசகம் தடுத்துப் பார்த்தாரு, முடியலீங்க. டீச்சர் அதுக்குள்ள இங்கே வந்து தாழ் போட்டுக்கிட்டாங்க."

"காலையிலேயே போலீஸைக் கூப்பிடலை. ஏன்?"

"நம்ம தமிழ் வாத்தியார் ஜெயசீலன் சார்தானுங்க வேண்டாம்னாரு. போலீஸ் வந்தா பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுப்போயிடும், ஆத்தாமை தீர்ந்தா அவங்களே கலைஞ்சு போயிடுவாங்கன்னாரு. நானும் சரின்னு விட்டுட்டனுங்க."

மஹாலட்சுமி அந்தக் குரல் பதிவைத் தன் போனில் வாங்கிக்கொண்டு அங்கேயே கேட்டாள். சின்னதுதான். பின்னால் மோட்டார் ஓடுவதைப் போல ஒரே இரைச்சல், இடையிடையே தண்ணீர் சொட்டும் சத்தம். அதற்கு மேல் தெளிவாக, எரிச்சலோடு ஒரு பெண்குரல்.

"உங்க பொண்ணு படிச்சு என்ன ஆகப்போறா? நாளைக்கு அவளும் உங்களை மாதிரி செங்கல்தான் தூக்கப்போறா. அவளுக்கு எழுத்து ஒரு கேடா? மேலே வந்து நின்னு பேசாதீங்க. வேர்வை நாத்தம். தள்ளி நில்லுங்க."

அவ்வளவுதான்.

"பின்னாடி என்ன சத்தம்?"

"முற்றத்துல தண்ணி மோட்டார் இருக்குதுங்க. அதா இருக்கும்."

மஹாலட்சுமி கட்டடத்தின் பின்பக்கம் போனாள். மதில் சுவருக்கும் வகுப்பறைகளுக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கும் சந்து. ஜன்னல்தோறும் வரிசையாகக் கூலர்கள். தீபாவளி கழிந்ததும் நீலத் தார்ப்பாய் போட்டுக் கட்டியவை. தார்ப்பாய்களின் மேல் தூசியும் புறாக்களின் எச்சமும் கனமாகப் படிந்திருந்தன. வரைபட அறையின் கூலரிலும் நீலத் தார்ப்பாய்தான். அதில் மட்டும் தூசி இல்லை, ஒரு எச்சம்கூட இல்லை. பனியில் நனைந்து பளபளவென்று இருந்தது.

*

பெரியண்ணன் ஸ்டேஷன் பெஞ்சில் குறுகி உட்கார்ந்திருந்தான். கள்ளக்குறிச்சிப் பக்கம். கொத்தனார். கைவிரல் மூட்டுகளில் சிமென்ட் வெடிப்புகள். மனைவி பாப்பம்மாள் நாலு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள். அவள் வெளியே மகளை அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"கதவைத் தட்டினது நீதானே?"

"நான்தாங்க."

"என்ன சொன்னே?"

"வெளிய வா, கொளுத்திப்புடுவேன்னு சொன்னேங்க. கோவத்துல வந்த வார்த்தைங்க அது. அந்த வாய்ஸ்ல செங்கல்லுன்னு வந்திச்சா, எனக்கு அப்பிடியே கண்ணு இருட்டிக்கிச்சு. மத்தவங்க பேசியிருந்தா தூன்னு துப்பிட்டுப் போயிருப்பேன். அந்த டீச்சரு எங்க குடிசைக்கு வந்து பாயில ஒக்காந்து கூழு குடிச்சிருக்குங்க. எங்க ஜனத்துல ஒருத்தர் பாக்கி இல்லாம கையெழுத்துப் போடச் சொல்லிக் குடுத்திச்சு. எங்களை ஸ்கூலுக்குள்ள கூட்டிக்கிணு போயி நாற்காலி போட்டு ஒக்கார வெச்ச மொத ஆளு அதாங்க. அதே வாயால அப்பிடிப் பேசினா?"

"கதவு இடுக்கில சால்வை எப்படி வந்தது?"

அவன் தலை தாழ்ந்தது. "நாங்க போனை அந்தச் சந்துல தள்ளிவிட்டு, அந்த வாய்ஸையே திருப்பித் திருப்பிப் போட்டோங்க. நீ பேசினத நீயே கேளுன்னு. ஒருத்தரு தீந்தா இன்னொருத்தரு. பொறவு உள்ளேர்ந்து சால்வையை வெச்சு அடைச்சிக்கிச்சு."

"அதுக்கு முன்னாடி அவங்க ஏதாவது சொன்னாங்களா?"

"சொல்லிச்சுங்க. அதான் எல்லாருக்கும் இன்னும் எரிஞ்சிபோச்சு. 'நடிப்புங்க, நடிப்புங்க'ன்னு உள்ளேர்ந்து கத்திச்சு. நாங்க நடிக்கிறமாம். அவமானப்பட்டு அழுவறவங்களைப் பார்த்து நடிப்புன்னு சொன்னா யாருக்குத்தான் ஆத்திரம் வராது?"

மஹாலட்சுமி வெளியே வந்தாள். பாப்பம்மாளின் மகள் கவிதா நாலாம் வகுப்பு. அகல்யா டீச்சரின் மாணவி.

"உன் பேர் என்ன?" என்று கேட்டாள். பிள்ளை பேசாமல் நின்றாள். மஹாலட்சுமி மறுபக்கம் நகர்ந்து கேட்டதும் உடனே பதில் வந்தது.

"இடது காது கேக்காதுங்க மேடம்" என்றாள் பாப்பம்மாள். "தீவாளிக்கு முந்தி ஸ்கூல் மாடிப்படில விழுந்திட்டா. ஹெட்மாஸ்டர் பெரிய சார்தான் சொன்னாரு. அதுலேர்ந்து அந்தக் காது போச்சு."

"இன்னைக்குக் கூட்டத்துக்கு ரெண்டு பேரும் வேலையை விட்டுட்டு ஏன் வந்தீங்க?"

"டீச்சருதான் கண்டிப்பா ரெண்டு பேரும் வரணும்னு சொல்லிச்சு. கவிதாவைப் பத்தி ஒரு விஷயம், போன்ல சொல்லக்கூடாது, மொகத்தப் பாத்துச் சொல்லணும்னிச்சு. என்னான்னு கேட்டேன். சொல்லல. என் கையைப் புடிச்சிக்கிணு, 'என்னை நம்புங்கக்கா'ன்னிச்சு."

கவிதா அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

*

அறைக்குள் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து மஹாலட்சுமி அந்தப் பதிவை மறுபடி மறுபடி ஓட்டினாள். எதிரே கான்ஸ்டபிள் தரம்வீர் டீ குடித்துக்கொண்டிருந்தான். ஹரியானாவில் ரோத்தக் ஊர்க்காரன், தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது.

"மேடம், இது எப்போ பதிவு பண்ணினது?" என்று கேட்டான் இந்தியில்.

"நேத்துன்னு போட்டிருக்கு."

தரம்வீர் சிரித்துவிட்டான். "நேத்தா? இந்தக் குளிர்லயா கூலர் போட்டாங்க?"

மஹாலட்சுமி நிமிர்ந்தாள். மீண்டும் ஓட்டினாள். இந்த முறை பேச்சைத் தள்ளிவிட்டு, பின்னாலிருந்த சத்தத்தை மட்டும் கேட்டாள். விசிறியின் தடதடப்பு. கூலரின் வைக்கோல் தட்டி நனைந்து தண்ணீர் தொட்டியில் சொட்டுவது. டெல்லியில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் மே மாத மத்தியானத் தூக்கத்தோடு சேர்ந்தே வரும் சத்தம். காலையிலிருந்து நூறு தமிழர்கள் இதைக் கேட்டிருந்தார்கள். சொற்கள் சுட்டதில் ஒருவர் காதிலும் கூலர் விழவில்லை. சொல் புரியாதவனுக்கு மட்டும்தான் அது கேட்டது.

வேர்வை நாத்தம் என்கிறது அந்தக் குரல். ஸ்வெட்டர் போட்டும் நடுங்குகிற நாளில் யாருக்கு வேர்க்கிறது?

*

மறுநாள் ஞாயிறு. பள்ளிக்கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. நல்லசிவத்தையும் ஆசிரியர்கள் இருவரையும் ஸ்டாஃப் ரூமுக்கு வரச் சொல்லியிருந்தாள்.

முதலில் வைதேஹி டீச்சர். அகல்யாவோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவர். அழுது கண் வீங்கியிருந்தது.

"வரைபட ரூம்ல வகுப்பு நடக்குமா?"

"நடக்காது. யாருமே போக மாட்டோம்."

"வெயில் காலத்துல? கூலர் போட்டுக்கிட்டு யாராவது உக்காந்திருக்காங்களா?"

வைதேஹி யோசித்தார். "போன மே மாசம் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. பெற்றோருக்கும் நமக்கும் நடுவுல நம்பிக்கையை எப்படி வளர்க்கிறதுன்னு. ரெண்டு ரெண்டு பேரா ஜோடிக்கொரு ரூம்ல போய் ஒத்திகை பார்த்துட்டு வரச் சொன்னாங்க. அப்போ அந்த ரூமையும் திறந்தாங்க. சீட்டுக் குலுக்கி ஜோடி. நானும் பெரிய சாரும் ஒரு ஜோடி."

"என்ன ஒத்திகை?"

"ஒருத்தர் ஆசிரியர், ஒருத்தர் பெற்றோர். எப்படிப் பேசக்கூடாதுன்னு முதல்ல ஒண்ணு, எப்படிப் பேசணும்னு அப்புறம் ஒண்ணு. ஆனா எங்களோடது முடிஞ்ச உடனே ஆந்தி வந்துடுச்சு மேடம், புழுதிப் புயல். கரண்ட் போச்சு. மத்தவங்க யாரும் செஞ்சு காட்டவே இல்லை."

"அகல்யாவுக்கு ஜோடி யாரு?"

"தெரியலையே. நாங்க கீழே இருந்தோம். அப்போ நிறைய பேர் இருந்தாங்க, பாதிப் பேர் இப்போ வேலையை விட்டுப் போயாச்சு."

மஹாலட்சுமி மேற்கொண்டு எதுவும் விளக்கவில்லை. "நேத்து வந்த வாய்ஸ்ல என்ன இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்க" என்றாள்.

"செங்கல் தூக்கப்போறான்னு… என்னால சொல்ல முடியலை மேடம்." வைதேஹி முகத்தை மூடிக்கொண்டார்.

நல்லசிவத்திடம் கேட்டதற்கும் அரைகுறையாகத்தான் வந்தது. செங்கல், எழுத்து, வேர்வை. வரிசை மாறியிருந்தது.

மூன்றாவதாக ஜெயசீலன் வந்து உட்கார்ந்தார். நாகர்கோவில்காரர். தமிழாசிரியர். நாற்பது வயதுக்குக் கட்டான உடம்பு, இஸ்திரி கலையாத சட்டை. உயர் அதிகாரிகளின் பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போய்ப் பாடம் சொல்லித்தருபவர்.

"நல்ல டீச்சரு. எப்படி இப்படிப் பேசினாங்கன்னு எனக்கும் வெளங்கலை" என்றார்.

"நேத்து அந்த ரூம் பக்கம் போனீங்களா?"

"போகல்லை. கேட்டுகிட்ட நின்னு ஆளுகளைத் தடுத்துகிட்டு இருந்தேன். பெறகு பெரிய சாரோட இங்கதான் இருந்தேன்."

"அங்கீட்டி?"

"ஸ்டாஃப் ரூம்ல இருந்தது. அவங்களே எடுத்துட்டுப் போயிருப்பாங்க."

"வாய்ஸை எத்தனை தடவை கேட்டீங்க?"

"ஒரு தடவதான். அதுக்கு மேல காது கொடுத்துக் கேக்க முடியல்லை."

"ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்க. மத்தவங்க யாருக்கும் சரியா வரலை."

ஜெயசீலன் லேசாகச் சிரித்தார். பாட்டை ஒருமுறை கேட்டால் ஒப்பிக்கிறவர் என்று பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பேர். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "உங்க பொண்ணு படிச்சு என்ன ஆகப்போறா? நாளைக்கு அவளும் உங்களை மாதிரி செங்கல்தான் தூக்கப்போறா. அவளுக்கு எழுத்து ஒரு கேடா? மேலே வந்து நின்னு பேசாதீங்க. இப்பதான் தரையைத் துடைச்சிருக்கு. வேர்வை நாத்தம். தள்ளி நில்லுங்க."

"அச்சா" என்றாள் மஹாலட்சுமி. "பிரமாதமான ஞாபகம் சார். கொஞ்சம் இருங்க. எல்லாரையும் கூப்பிடறேன்."

*

நல்லசிவமும் வைதேஹியும் வந்து உட்கார்ந்தார்கள். தரம்வீர் கதவோரம் நின்றான். மஹாலட்சுமி போனை மேஜையில் வைத்து, பதிவை ஒருமுறை ஓட்டினாள்.

"இதுல தரையைத் துடைச்சதைப் பத்தி ஏதாவது கேட்டுச்சா?"

வைதேஹி மட்டும் இல்லை என்று தலையாட்டினார்.

"இல்லை. ஏன்னா அதை வெட்டி எடுத்துட்டாங்க. அந்த இடத்துல எதிர்ல இருந்தவரோட குரலும் கலந்திருக்கும். இது முந்தாநாள் பேசினது இல்லை. போன மே மாசம், கூலர் ஓடிட்டிருந்த வரைபட ரூம்ல பேசினது. ஒரு டீச்சர் எப்படிப் பேசக்கூடாதுன்னு நடிச்சுக் காட்டினது. உள்ளேர்ந்து அவங்க கத்தினாங்களே, 'நடிப்புங்க'ன்னு. வெளியே நின்னவங்களை அவங்க குத்தம் சொல்லலை. உண்மையைச் சொன்னாங்க. நம்பத்தான் ஆள் இல்லை."

வைதேஹியின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாத சத்தம்.

"புயல் வந்ததால அந்த நாடகத்தை மேடையில யாரும் பார்க்கலை. கேட்டவர் உலகத்துல ஒரே ஒருத்தர்தான். எதிர்ல பெற்றோரா நின்னவர். தன் போன்ல பதிவு பண்ணினவர். வெட்டின வரியும் சேர்த்து மனப்பாடமா வெச்சிருக்கிறவர். அந்த ஜோடி நீங்கதான், ஜெயசீலன் சார்."

"ஒரு வார்த்தை கூடிப்போச்சுன்னா கொலைகாரனா?" ஜெயசீலன் எழுந்தார். தரம்வீர் ஒரு அடி முன்னால் வந்தான். அவர் உட்கார்ந்தார்.

"கேளுங்க. ஜனம் கேட்டை உடைக்கறதுக்கு முன்னாடி அவங்களை அந்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போனது நீங்க. அங்கீட்டியைக் கொண்டு வெச்சதும் நீங்க. தூக்கினவங்க கையில கரி ஒட்டும். அவங்க கை சுத்தமா இருந்துச்சு. போனைப் பார்த்தா பயம் அதிகமாகும்னு சொல்லி வாங்கிட்டுப் போயிருப்பீங்க. நான் வந்து கூப்பிடற வரைக்கும் தாழைத் திறக்காதீங்கன்னு சொல்லியிருப்பீங்க. திறக்கலை. உங்களை நம்பினாங்க, அந்த வாய்ஸை அவங்க கேட்டதே உள்ளே போன பிறகுதான். அப்புறம் பின்பக்கம் போய், காத்து வர ஒரே வழியா இருந்த கூலர் மேல புதுத் தார்ப்பாயைக் கட்டினீங்க. மத்ததெல்லாம் தீபாவளியிலிருந்து தூசி தின்னுட்டு நிக்குது. அது மட்டும் கடையிலேர்ந்து வந்த மாதிரி இருக்கு. மிச்சம் இருந்தது கதவிடுக்கு. அதையும் அடைக்க வைக்க நீங்க கஷ்டப்படவே வேண்டியிருக்கலை. வெளியே இருந்தவங்க பார்த்துக்கிட்டாங்க."

"எனக்கு அவங்க மேல என்ன பகை?"

"அதை என்கிட்ட கவிதா சொல்லிட்டா. இன்னைக்குக் காலையில, வலது காதுப் பக்கமா உக்காந்து கேட்டேன். செய்யுள் ஒப்பிக்கும்போது தப்பு விட்டாள்னு அறைஞ்சீங்க. படியில விழுந்தேன்னு சொல்லு, இல்லேன்னா அடுத்த காதும் போகும்னு சொன்னீங்க. அவ ரெண்டு மாசம் யார்கிட்டேயும் வாய் திறக்கலை. கடைசியில அகல்யா டீச்சர்கிட்ட மட்டும் சொன்னா. அவங்க அதைப் பெத்தவங்ககிட்ட நேர்ல சொல்லத்தான் நேத்து வரச் சொன்னாங்க. அதுக்கு முன்னாடி முறைப்படி தலைமையாசிரியர்கிட்ட சொன்னாங்க." அவள் நல்லசிவத்தைப் பார்த்தாள். "நீங்க யார்கிட்ட சொன்னீங்க சார்?"

நல்லசிவம் தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிப்புக் கேட்டுருங்க, பேசி முடிச்சுக்கலாம்னு… ஜெயசீலன்கிட்டத்தானுங்க சொன்னேன். பள்ளிக்கூடத்துப் பேரு…"

"உங்களுக்கு அது தெரிஞ்சுபோச்சுன்னு அகல்யா டீச்சருக்குத் தெரியாது. அவங்க சாட்சி சொன்னா மட்டும் அந்த ஜனங்க நம்பிடுவாங்களான்னு யோசிச்சீங்க, ஜெயசீலன் சார். நம்புவாங்கன்னு தெரிஞ்சது. அதனால முதல்ல அந்த நம்பிக்கையைக் கொன்னீங்க. அப்புறம்தான் ஆளை."

ஜெயசீலன் நிமிர்ந்தபோது முகத்தில் பயம் இல்லை, வெறுப்புதான் இருந்தது.

"ஒரு செங்கல் தூக்குதவன் பிள்ளைக்காக என் இருவது வருச வேலையைக் கெடுக்கப் பார்த்தா. ஒரு காதுதானே போச்சு? அதை வெச்சு இவள் ஊரைக் கூட்டுவாளாம்."

வைதேஹி எழுந்து அவரைக் கன்னத்தில் அறைந்தார். தரம்வீர் தடுக்கவில்லை.

ஜெயசீலன் வீட்டில் கிடைத்த பழைய போனில் முழுப் பதிவும் இருந்தது. தள்ளி நில்லுங்க என்றதற்குப் பிறகு ஒரு சிரிப்பு. அகல்யாவின் சிரிப்பு. "ஐயோ சார், என்னால முடியலை. இப்படி யாராவது பேசுவாங்களா? எனக்கே அழுகை வருது. வாங்க, நல்லதை நடிச்சுப் பார்க்கலாம்." பெரியண்ணனை விடுவிக்கும்போது மஹாலட்சுமி அதைப் போட்டுக் காட்டினாள். சொல்லியும் விளங்கவைத்திருக்கலாம். ஆனால் அவன் கேட்டாக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் கடைசிவரை கேட்டான். பிறகு ஸ்டேஷன் சுவரில் தன் தலையை மோதினான். இரண்டு பேர் சேர்ந்துதான் பிடித்து நிறுத்த முடிந்தது.

*

அகல்யாவின் அம்மா ராஜலக்ஷ்மி திண்டுக்கல்லில் இருந்து மதுரை போய் விமானத்தில் வந்திருந்தார். முதல் முறையாக டெல்லிக்கு வருகிறார். வெள்ளைப் புடவைக்கு மேல் யாரோ கொடுத்த பெரிய ஆண்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு பிணவறை வாசலில் உட்கார்ந்திருந்தார். கூட வேலை பார்த்த ஒருவன் கொன்றுவிட்டான் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். வராந்தாவில் யார் நின்றார்கள், என்ன செய்தார்கள் என்று ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

பெரியண்ணனும் பாப்பம்மாளும் கவிதாவோடு வந்து தூரத்தில் நின்றார்கள். கிட்டே போகக் கால் வரவில்லை. ராஜலக்ஷ்மிதான் அவர்களைப் பார்த்தார். பிள்ளை தலையைச் சாய்த்து நின்ற விதத்தைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"கவிதாதானே இது? நீங்க அம்மாவா? என் மக போன்ல உங்களைப் பத்தித்தாம்மா பேசுவா. தனியா கெடக்கியேடி அந்த ஊர்லன்னு நான் புலம்பினா, 'எங்க பசங்களோட அப்பா அம்மாவெல்லாம் இருக்காங்கம்மா, எனக்கு ஒண்ணுன்னா கதவை உடைச்சுக்கிட்டு வந்துடுவாங்க'ன்னு சொல்லுவா. உங்களை நம்பித்தானே நான் ராத்திரி தூங்கினேன்."

அவர் பாப்பம்மாளின் தோளில் முகம் வைத்து அழுதார். பாப்பம்மாள் மரம்போல நின்றாள். அணைக்கவும் முடியவில்லை, விலகவும் முடியவில்லை. பெரியண்ணன் மஹாலட்சுமியைப் பார்த்தான். சொல்லிவிடுங்களேன் என்று கெஞ்சுவதைப் போல இருந்தது அந்தப் பார்வை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொல்வதும் சொல்லாததும் அவன் பாடு.

உள்ளேயிருந்து பெட்டியைக் கொண்டுவந்தார்கள். தூக்க மூன்று பேர்தான் இருந்தார்கள். ராஜலக்ஷ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"தம்பி, நீங்க ஒரு பக்கம் பிடிங்க. அவளுக்கு இங்க ஒறவுன்னா நீங்கதானே."

பெரியண்ணன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. பிறகு குனிந்து, பெட்டியின் ஒரு மூலையைத் தோளில் வாங்கிக்கொண்டான்.